சம்பள நாள் வருமுன்னே: சோதனையை விசுவாசத்தால் எதிர்த்து நிற்க, புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு முதல் அடி விழுகிறது. தண்ணீரிலிருந்து எழுந்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் தணிந்திருக்கும். விட்டுப் போயிற்று என்று நினைத்த குடியோ, சீட்டோ, ராத்திரியில் போனில் பார்க்கும் அசிங்கமோ பழையபடி கூப்பிடும். "அப்போ நான் ரட்சிக்கப்பட்டதே பொய்யா?" என்ற பயம் வரும். சபைக்கு வருவதே நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

பயப்பட வேண்டாம். வரிசையே அப்படித்தான் இருக்கிறது. மத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் முடிவில் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெறுகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அவர் வனாந்தரத்தில் நிற்கிறார். மாற்கு இதை "உடனே" என்றே எழுதுகிறார். எபிரெயர் 4:15 அவர் எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது. ஆகவே ஆசை மனதில் வந்து நிற்பது பாவமாகாது. அதற்கு இடம்கொடுத்து உட்காரவைத்து, சோறு போட்டு வளர்ப்பதுதான் பாவம். இந்த ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கலக்கம் தீரும்.

ஒரே சொல், இரண்டு விஷயம்

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மழை பொய்த்தாலும் சோதனை, கறவை மாடு செத்தாலும் சோதனை, பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை போகாமல் ரோட்டோரம் கொட்டினாலும் சோதனை. தமிழ் வேதாகமமும் தேவன் ஆபிரகாமைச் சோதித்ததற்கும் (ஆதியாகமம் 22), பிசாசு இயேசுவைச் சோதித்ததற்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. அதனால் புதியவர்கள் குழம்புகிறார்கள்: "கடவுளே என்னைக் குடிக்க வைத்துச் சோதிக்கிறார்" என்று சொல்பவர்கள் உண்டு. யாக்கோபு 1:13 இதை நேராக மறுக்கிறது: தேவன் ஒருவனையும் பொல்லாங்கினால் சோதிக்கிறவரல்ல. அடுத்த வசனம் வழியைக் காட்டுகிறது: அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்.

தக்காளி விலை போகாதது கஷ்டம். "இந்த ஒருமுறை பெட்டிக்கு அடியில் சொத்தையை வைத்து மேலே நல்லதை அடுக்கு" என்று உள்ளே எழும் குரல் சோதனை. இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வரும். கஷ்டம் நீங்கும்படி ஜெபிக்கலாம். ஆனால் கஷ்டம் நீங்கினால்தான் சோதனையை எதிர்ப்பேன் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் வேலை: ஏழு நாள் குறிப்பு

இரண்டு ரூபாய் பால்பாயிண்ட் பேனாவும் ஒரு சின்ன நோட்டும் போதும். ஏழு நாளைக்கு, மனம் இழுக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த நேரம், எந்த இடம், யாரோடு, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. விழுந்தீர்களா இல்லையா என்பது இப்போது தேவையில்லை. இழுப்பை மட்டும் எழுதுங்கள்.

ஒரு வரி இப்படி இருக்கும்: "சனி, இரவு 7.40, பஸ் ஸ்டாண்டு, தனியா. மத்தியானம் சாப்பிடல. மேஸ்திரி எல்லார் முன்னாடியும் திட்டினார்." இதில் கடைசி இரண்டு வாக்கியம்தான் தங்கம். ஏழு நாள் முடிந்து திரும்பிப் படித்தால், ஏழெட்டு வரிகளில் குறைந்தது ஐந்து வரிகள் ஒரே மாதிரி இருப்பதைக் காண்பீர்கள். ஒருவருக்குப் பசியும் அவமானமும். இன்னொருவருக்கு ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் அறைக்கு வந்து தூக்கம் வராமல் போனைக் கையில் எடுக்கும் நேரம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவருக்குச் சம்பளம் கையில் விழும் சாயங்காலம். மாம்பழக்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும் சீசனில் உடம்பு அலுத்துக் கையில் காசும் இருக்கும் நாட்கள்.

பெரும்பாலும் நடக்கிற தவறு, எல்லாப் பாவத்தையும் ஒரே வாரத்தில் விட முயல்வது. கோபம், பொய், குடி, சீரியல், புறம் பேசுவது என்று பத்தை எழுதிவைத்துப் பத்திலும் தோற்று, பதினோராவதாக நம்பிக்கையையும் இழப்பார்கள். நோட்டில் எது அதிகம் வருகிறதோ அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். ஆறு வாரம் அதோடு மட்டும் போராடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல வருடமாகத் தினமும் குடிப்பவர் விசுவாச வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது வரலாம். இதைப் பேய் என்று நினைத்து வீட்டில் வைத்து ஜெபித்துக்கொண்டே இருந்தால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் 108. போதை விடுவதற்கான அரசு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் அழைக்கிறார்.

உள்ளே இருக்கும் பொய்யைத் தேடுவது

விசுவாசத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. வனாந்தரத்தில் பிசாசு முதலில் அப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்றுதான் ஆரம்பித்தான். நாற்பது நாள் பசியோடு இருப்பவரிடம் அதன் பொருள் என்ன? உன் பிதா உன்னை மறந்துவிட்டார், நீயே பார்த்துக்கொள் என்பதுதான். ஏதேனிலும் பழத்துக்கு முன்னால் ஒரு பொய் வந்தது: தேவன் உங்களிடமிருந்து நல்லதை மறைக்கிறார் என்று. ஒவ்வொரு சோதனைக்குள்ளும் தேவனைப் பற்றிய ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொய் தெரியாமல் ஆசையோடு மட்டும் மல்லுக்கட்டினால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுவோம்.

உங்கள் நோட்டில் உள்ள வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: "அந்த நேரம் என் மனம் எனக்கு என்ன சொன்னது?" குடிக்கிறவருக்கு அது பெரும்பாலும், "இன்றைய பாரத்தை இது இல்லாமல் தாங்க முடியாது." அதற்கு எதிரே சங்கீதம் 55:22: "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்." போனில் பணம் வைத்து ஆடுகிறவருக்கு: "கடன் ஒரே ராத்திரியில் தீரும், வேறு யாரும் கைகொடுக்க மாட்டார்கள்." 2025-ல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் போட்ட பிறகும் இந்தப் பொய் வேறு வேறு செயலிகளில் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு எபிரெயர் 13:5: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." அந்த வசனம் பண ஆசையைப் பற்றிய எச்சரிக்கையோடு சேர்ந்தே வருகிறது என்பதைக் கவனியுங்கள். தனி அறையில் போன் பார்க்கிறவருக்கு: "யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை." அதற்கு மத்தேயு 5:8. நஷ்டம் எது என்று அது சொல்கிறது: இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள். எடைக்கல்லில் கை வைக்கிறவருக்கு: "எல்லாரும் செய்வதுதான், இல்லாவிட்டால் பிழைக்க முடியாது." அதற்கு நீதிமொழிகள் 11:1, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது.

பொய்யும் வசனமும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்த வேண்டும். இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பசித்து, முறுமுறுத்து, தோற்ற இடத்தைப் பற்றிய வார்த்தைகள் அவை. அவரும் வனாந்தரத்தில்தான் நின்றார், அந்த இடத்துக்கான வார்த்தையை எடுத்தார். பிசாசும் வேதம் பேசினான், சங்கீதம் 91-ஐ. வசனம் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த இடத்துக்கு எது என்று தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

வசனத்தை நாவில் ஏற்றுவது

வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரத்தில் ஆறு. இதற்கு மேல் புதியவர்கள் எடுக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் அந்தப் பொய். பைபிளில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். காலையில் பல் விளக்கிய உடனே வாய்விட்டு ஐந்து முறை, படுக்குமுன் ஐந்து முறை. ஆரம்பத்திலும் முடிவிலும் அதிகாரம், வசன எண்ணைச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், எங்கே தட்டுகிறதோ அங்கே கோடு போடுங்கள். ஏழாம் நாள் வீட்டில் ஒருவரிடம் ஒப்பியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டே கற்கலாம். அவர்களுக்கு மறப்பதும் குறைவு.

மொழிபெயர்ப்பை மாற்றி மாற்றிப் படிக்காதீர்கள். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளில் பழைய நடையுள்ள வேதாகமம் இருக்கும். கத்தோலிக்கர் கையில், அதாவது 1997-ல் உருவாகி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்ந்திருக்கும் தருமபுரி மறைமாவட்டத்தின் பங்குகளில், 1995-ல் வந்த திருவிவிலியம் இருக்கும். சங்கீதம் அங்கே திருப்பாடல் ஆகும், சொற்களும் மாறும். எது உங்கள் சபையில் வாசிக்கப்படுகிறதோ அதையே மனப்பாடம் செய்யுங்கள். ஞாயிறு பிரசங்கத்தில் அதே சொற்கள் காதில் விழும்போது வசனம் இன்னும் ஆழமாக இறங்கும்.

வசனத்தை மந்திரம்போல் நூற்றெட்டு முறை சொன்னால் ஆசை ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடாது. வசனத்தைச் சொல்லிவிட்டு அதைத் தேவனிடமே திருப்பிப் பேசுங்கள்: "ஆண்டவரே, பாரத்தை உம்மேல் வைக்கச் சொன்னீரே. இன்றைக்கு மேஸ்திரி பேசியது எனக்குத் தாங்கவில்லை. அதை உம்மிடம் வைக்கிறேன்." விசுவாசம் என்பது ஒருவரை நம்புவது. அவரிடம் பேசாமல் அந்த நம்பிக்கை வளராது.

இறக்கத்துக்கு முன்பே கியர்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயை எல்லாரும் அறிவோம். அனுபவமுள்ள லாரி டிரைவர் இறக்கம் தொடங்குமுன், சமதரையிலேயே கீழ்க் கியருக்கு வந்துவிடுவார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதன்பிறகு எவ்வளவு பலமாக மிதித்தாலும் பலனில்லை.

நம் மன உறுதி அந்தப் பிரேக் மாதிரி. நடு இறக்கத்தில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 1 கொரிந்தியர் 10:13 சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் மலை உச்சியில் இருக்கிறது, அடிவாரத்தில் தேடினால் கிடைக்காது. யோசேப்பு போத்திபாரின் வீட்டில் மேலாடையை விட்டுவிட்டு ஓடியது கடைசி நாள்தான். அதற்கு முன்பே போத்திபாரின் மனைவி நாள்தோறும் அழைத்தும், அவளோடு இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 எழுதியிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. சம்பளம் விழும் வங்கிக் கணக்கை போனில் உள்ள பணம் அனுப்பும் செயலிகளிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு கணக்கில் வாரச் செலவுக்கு 500 ரூபாயோ 700 ரூபாயோ மட்டும் வையுங்கள். கையில் கூலி வாங்குகிறவர்கள் வாங்கிய அரை மணிக்குள் வீட்டுக்காரியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட வேண்டும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அது இருந்தால், ஆறு வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் வேறு வழி. போன் இரவு 9 மணிக்கு மேல் படுக்கையறைக்குள் வரக் கூடாது, கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். காலையில் எழ அலாரம் வேண்டும் என்றால் ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்: ஒரு களி உருண்டை வயிற்றில் இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை 7.40 வேறு மாதிரி இருந்திருக்கும்.

கிடா விருந்து, காதுகுத்து, கல்யாணத்து முன்ராத்திரி, இவைதான் நம் ஊரில் மிகக் கடினமான இடங்கள். போகாமல் இருந்தால் உறவு முறியும், அதை யாரும் கேட்கவில்லை. பகலிலேயே போங்கள், முதல் பந்தியில் உட்காருங்கள், மொய் எழுதுங்கள், மாமன் மச்சானிடம் நின்று பேசுங்கள், பொழுது சாயுமுன் சொந்த வண்டியில் கிளம்புங்கள். அடுத்தவர் வண்டியில் போனால் அவர் எழும்போதுதான் நீங்களும் எழ முடியும். "ஒரே ஒரு ரவுண்டு, மச்சான்" என்றால் என்ன சொல்வது என்று வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள்: "நான் விட்டுட்டேன் மச்சான், நீ சாப்பிடு, நான் மாமாவைப் பார்த்துட்டு வரேன்." சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். அங்கே நின்று விளக்கம் கொடுத்தால் வாதம் வளரும்.

போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடுவதால் ஆடு, காய்கறி கொண்டுபோகிறவர்களுக்கு ஆராதனை தவறிக்கொண்டே போகும். சபை ஐயரிடமோ பாஸ்டரிடமோ சொல்லி, விடியற்கால ஆராதனையோ சனிக்கிழமை மாலை ஜெபக் கூட்டமோ எது உண்டோ அதில் சேர்ந்துகொள்ளுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தவர் விழுவது எளிது.

அந்த அரை மணி நேரம்

எல்லாம் செய்தும் இழுப்பு வரும். வெறி பொதுவாக ஏறி, உச்சிக்கு வந்து, அரை மணிக்குள் இறங்கத் தொடங்கும். அந்த அரை மணியைக் கடப்பதுதான் வேலை. உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள், இருக்கும் இடத்தை விட்டு நகருங்கள். வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பஸ்ஸில் இருந்தால் முணுமுணுத்தாலும் போதும். பரமண்டல ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரியில் நின்று, உங்கள் பெயரையும் அந்தப் பாவத்தின் பெயரையும் வைத்து ஜெபியுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள். பிறகு போன் செய்யுங்கள். ஆசையைப் பற்றியே ஆழ்ந்து யோசித்துக்கொண்டு "வராதே, வராதே" என்று ஜெபித்தால் மனம் அதையே சுற்றும். வசனத்துக்கும் அதைச் சொன்னவருக்கும் மனதைத் திருப்புங்கள்.

யாருக்கு போன்? இதை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், விசுவாசத்தில் உங்களைவிடச் சில வருடம் மூத்தவர், கேட்டதை வெளியே சொல்லாதவர். சபையில் அதிகம் பேசுகிறவரைவிட, அதிகம் கேட்கிறவர் நல்லது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அவரைத் தனியே கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "அண்ணா, சம்பளம் வாங்கற அன்னைக்கு எனக்குக் கால் அந்தப் பக்கம் இழுக்குது. பத்தாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணுவீங்களா? எங்க இருக்கேன்னு மட்டும் கேளுங்க." "எனக்காக ஜெபம் பண்ணுங்கண்ணா" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத்தான் ஜெபிப்பார். தேதியும் நேரமும் சொன்னால் அவரால் உதவ முடியும். வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு போன்தான் சபை.

விழுந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அப்போதுதான் "எப்படியும் கெட்டாயிற்று, இன்னொன்று" என்ற குரல் வரும். ஒரு விழுகை ஒரு வாரக் குடியாவது அந்த மணி நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராதீர்கள். குளித்துச் சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்றும் தள்ளாதீர்கள், நாற்றத்தோடே முழங்கால்படியிடுங்கள். பாவத்தை அதன் பெயரால் சொல்லுங்கள்: "ஆண்டவரே, தவறு நடந்துபோச்சு" என்று மழுப்பாமல், "குடித்தேன், மனைவியிடம் பொய் சொன்னேன்" என்று. பிறகு 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று அது சொல்கிறது. நீங்கள் எவ்வளவு அழுதீர்கள் என்பதை அது கணக்கில் வைக்கவில்லை. கத்தோலிக்கர் பங்குத் தந்தையிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற வேண்டும். யாரிடமாவது பணம் எடுத்திருந்தால், எடையில் ஏமாற்றியிருந்தால், திருப்பிக் கொடுங்கள். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். பிறகு நோட்டை எடுத்து, எங்கே கியர் மாற்றத் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள். போன் செய்யும் அந்த அண்ணனுக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.

உபவாசக் கூட்டத்தின் கடைசி ராத்திரியில் "இனி சாகும்வரை தொடமாட்டேன்" என்று கண்ணீரோடு சபதம் செய்தவர்கள் பலர் வருத்தத்தில் மூழ்குவது இந்த இடத்தில்தான். சபதம் முறிந்ததால் தேவனும் முறித்துக்கொண்டார் என்று நினைக்கிறார்கள். "இன்றைக்கு உம் பலத்தால்" என்று ஒவ்வொரு காலையும் கேட்பது போதும்.

நாற்பது, ஐம்பது நாள் நன்றாகப் போன பிறகும் கவனம் தேவை. பிசாசு "சிலகாலம்" இயேசுவை விட்டு விலகிப்போனான் என்றே லூக்கா 4:13 முடிகிறது. விட்ட இடத்தைக் காலியாகவும் வைக்காதீர்கள். மத்தேயு 12-ல் பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்த வீட்டுக்குப் பழைய ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. முன்பு சீட்டாடிய சனிக்கிழமைச் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், பாடல் குழுவில் சேருங்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் சபையார் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

உபவாசம் நல்ல துணை. ஆனால் தொடக்கத்தில் வாரம் ஒரு வேளை போதும், தண்ணீர் குடித்துக்கொண்டே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. இயந்திரத்தில் நிற்கும் ஷிப்ட் நாளில் யாரும் இருக்க வேண்டாம், விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் முடிந்ததும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இன்னொரு ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள். பழைய இழுப்பு குறைந்து வேறொன்று தலைதூக்கியிருக்கும், பெரும்பாலும் கோபமாக இருக்கும். அதற்குப் பொய்யையும் வசனத்தையும் தேடுங்கள். பழைய ஆறு வசனத்தையும் வாரத்துக்கு ஒருமுறை ஒப்பித்து வாருங்கள். அடுத்த மாத நாட்காட்டியை இறக்கி, சம்பள நாளையும் விருந்துக்கு அழைத்திருக்கும் நாளையும் வட்டம் போட்டு, அந்தந்தக் கட்டத்துக்குள் அண்ணன் போன் செய்ய வேண்டிய நேரத்தை எழுதிவிடுங்கள்.